ஓணத்துக்குள் விற்க வேண்டிய குட்டி டர்போ

டெஸ்ட் டிரைவ் என்பது, வாங்க வந்தவர் வண்டியை ஓட்ட, பக்கத்தில் நாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிற வேலை. புடவைக் கடையில் அலமாரியையே பிரித்துப் போட்டுவிட்டு "அடுத்த வாரம் வர்றோம்" என்ற பதிலைக் கேட்டவர்களுக்கும், வாடகைக்கு வீடு காட்டப் போய் நாயிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

எங்கள் ஷோரூம் தமிழ் பேசுகிற எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. சுற்றிலும் நெல்வயல், தென்னந்தோப்பு, மாட்டுக்கொட்டகை. இங்கே கார் என்றால் குடும்பம் மொத்தமும் ஏற வேண்டும், குண்டு குழியில் அடி தட்டக் கூடாது. அப்படிப்பட்ட ஊருக்குக் குட்டி டர்போ வண்டி ஒன்றை டெமோவுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் நான். பார்த்தால் பொடிசு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மீட்டிங்கில் கொச்சிக் கிளைக்காரர் ஒருவர், "உங்க ஊருக்கு டிராக்டர் போதாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நல்ல எஞ்சினின் அருமை கிணற்றுக்கு மோட்டார் வைத்த எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? "ஓணத்துக்குள்ள ஒண்ணாவது விக்கறேன்" என்று வாய் விட்டுவிட்டேன். எங்கள் மேனேஜர் திருச்சூர்க்காரர், நல்ல மனிதர். ஒரு புக்கிங்கும் வராவிட்டால் ஓணத்துக்கு முன்பே வண்டி கொச்சிக்குப் போய்விடும் என்று அப்போதே சொல்லிவிட்டார். வண்டி போனால் போகட்டும், ஊர் மானமும் அல்லவா அதன் டிக்கியில் ஏறிப் போகும்.

எனக்கு இடமில்லை

முதலில் வந்தவர் வடகரப்பதிப் பக்கத்து விவசாயி. தனியாக வரவில்லை. எங்கள் பக்கம் கார் பார்க்க யாரும் தனியாக வருவதில்லை, பெண் பார்க்கப் போவது போலத்தான். மனைவி, மாமியார், மச்சினன், மச்சினன் மனைவி என்று எல்லோரும் வந்தார்கள். நான் குளிர்பானம் கொடுத்து, எஞ்சினைப் பற்றி நீளமாகப் பேசி, சாவியை நீட்டினேன். அவர் ஏறினார், பக்கத்தில் மச்சினன் ஏறினார், பின்னால் பெண்கள் மூவரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடைந்து உட்கார்ந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே நின்றேன்.

ஷோரூம் ஆள் இல்லாமல் டெமோ வண்டி தெருவில் போகக் கூடாது என்பது சட்டம். யாரை இறங்கச் சொல்வது? மாமியாரையா? வாட்ச்மேனின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, மாவட்டத்திலேயே வேகமான குட்டி வண்டியின் பின்னால் நான் கைப்பிடியை முறுக்கிக்கொண்டு போனேன். அவர்கள் இளநீர்க் கடையில் நின்றார்கள். அங்கே எட்டிப் பிடித்தேன். பிறகு தோட்டத்துக்குப் போய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். அங்கேயும் பிடித்தேன். கடைசியில் புண்ணாக்குக் கடை. எல்லாம் முடிந்து ஷோரூமில் இறங்கியவர், புழுதி படிந்த என் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. டிக்கில ரெண்டு மூட்டைக்கு மேல புடிக்க மாட்டேங்குது, அதுதான் யோசனையா இருக்குதுங்க."

இழுக்கிற வண்டி

ஆனி மாதம் எங்கள் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், கணவாய்க் காற்று என்றால் என்ன என்று. மலை இடைவெளி வழியே மேற்கே இருந்து கிளம்பினால் தென்னை மரம் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஆடும். அப்படி ஒரு நாளில் தோப்புக்காரர் ஒருவர் வந்தார். பரவாயில்லை, மனைவியை மட்டும் அழைத்து வந்திருந்தார், எனக்கு இடம் கிடைத்தது. மீனாட்சிபுரம் ரோட்டில் தெற்கே விட்டார். கை பதமான கை. நான் மனசுக்குள் புக்கிங் எழுதவே ஆரம்பித்துவிட்டேன். திடீரென்று அவர், "ஏனுங்க, வண்டி எடது பக்கமா இழுக்குதுங்களே" என்றார். காற்று என்றேன். நம்பவில்லை. சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், டயரைத் தட்டினார். வண்டியைத் திருப்பி வடக்கே ஓட்டச் சொன்னேன். இப்போது வலது பக்கம் இழுத்தது.

"பாத்தீங்களா, வண்டிக்குக் கோளாறுன்னா ஒரே பக்கமில்லீங்களா இழுக்கும்? ரெண்டு பக்கமும் இழுத்தா அது காத்து" என்று விளக்கினேன். என் விளக்கத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை. அவரும் தலையாட்டினார். மனைவியிடம் ஏதோ கேட்டார். பிறகு என் தோளைத் தட்டி அன்பாகச் சொன்னார்: "நீங்க சொன்னது ஞாயந்தானுங்க. காத்து நிக்கற மாசத்துல வந்து ஓட்டிப் பாத்துக்கறனுங்க." காற்று நிற்பதற்குள் ஓணம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும், "அதுக்கென்னங்க, ஓணம் அடுத்த வருசமும் வருமில்லீங்க" என்றிருப்பார் அவர் மனைவி. நான் வண்டியை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்று அந்த அம்மா உண்மையிலேயே சொன்னது இது: "அதுக்குள்ள வித்துப் போட்டுறாதீங்க, எங்கூட்டுக்காரருக்கு மனசு ஒடஞ்சு போயிரும்."

இறக்கத்தில் எஞ்சினுக்கு ஓய்வு

சமவெளியில் ஆகாதது மலையில் ஆகும் என்று மேனேஜரைக் கெஞ்சி, வண்டிப்பெரியாரில் எங்கள் கம்பெனி போட்ட கண்காட்சிக்கு வண்டியை நானே ஓட்டிப் போனேன். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று சமதளத்தில் பறந்து, குமுளி மலையில் அது ஏறியதைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளை மேடை ஏறிப் பரிசு வாங்கினால் கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டேன்.

அங்கே எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற செல்வராஜ் என்பவர் வந்தார். காலையில் கொழுந்து பறிப்பவர்களை ஏற்றுவார், மற்ற நேரம் சுற்றுலாப் பயணிகளை. "சாவியக் குடுங்க தம்பி, ஒரு ஏத்தம் ஏத்திப் பாத்துருவோம்" என்றார். பீருமேட்டுப் பக்கம் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் "ஆத்தாடி" என்று ரசித்துக்கொண்டே வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி இறங்க ஆரம்பித்தோம். நம்ம ஆள் சாவகாசமாகக் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுக் கையை ஜன்னலில் போட்டுக்கொண்டார். வண்டி தன் பாட்டுக்கு உருள ஆரம்பித்தது. மலையில் ஜீப் ஓட்டிய பழைய ஆட்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, எண்ணெய் மிச்சமாம். பிரேக் பிரேக் என்று கத்தினேன். மரியாதையை விட்டு "யோவ்" என்றும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் கியர் போட்டு, தேயிலைச் சரிவோரம் நிறுத்தி, என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எறக்கத்துல எஞ்சினுக்கு என்ன சோலி? ஏத்தத்துல அம்புட்டுப் பாடுபட்டுருக்குல்லா, சித்த ஒறங்கட்டும்."

முட்டி

இதை எழுதும்போது இன்னும் எனக்கு வலிக்கிறது. வலித்தது என் முட்டி இல்லை, ஒரு பெரியவரின் முட்டி.

நல்லேப்பிள்ளியில் இருந்து ஒரு பெண் வந்தாள். அப்பாவின் வயலைப் பார்த்துக்கொள்கிறாள், அறுவடைக் காலத்தில் டிராக்டரும் ஓட்டுவாளாம். அப்பா பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவள் ஓட்டினாள் பாருங்கள், எங்கே மிதிக்க வேண்டுமோ அங்கே மிதித்து, எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டு. இந்த வண்டியை வடிவமைத்தவனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பேசுவதற்கு எனக்கு வேலையே வைக்கவில்லை, ஆனாலும் பேசினேன். அப்பா பின்னால் இருந்து, "இன்னும் கொஞ்சம் முடுக்கு அம்மிணி" என்றார். அந்த நிமிடம் வண்டி விற்றுவிட்டது என்று சத்தியம் செய்திருப்பேன்.

ஷோரூம் வந்ததும் அவரால் இறங்க முடியவில்லை. பின் சீட் தாழ்வு, கதவு வழி குறுகல், முட்டி மடங்கியது நிமிரவில்லை. நானும் அவளும் கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே எடுத்தோம். அவள் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் நின்ற உயரமான குடும்ப வண்டி ஒன்றின் விலையைக் கேட்டாள். அதை நான்தான் விற்றேன். மேனேஜர் கை கொடுத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவுக்கு வருத்தம் என்னை விட அதிகம். குச்சியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னார்: "என்ற முட்டிக்குத்தானுங்க இந்த வண்டியப் புடிக்கல. எனக்குப் புடிச்சிருந்துச்சு."

மேனேஜர் சொன்னது

ஆவணி பிறந்தது. ஷோரூம் வாசலில் பூக்களம் போட இடம் அளந்தார்கள். டெமோ வண்டியை ஏற்றிப்போக லாரி வரும் நாளையும் குறித்துவிட்டார்கள். நான் வண்டியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்று, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வருந்தாதே என்பதைத் தன் மலையாளத்தில் சொன்னார்: "விஷமிக்காதே. ஓணத்துக்கு மாவேலி ராஜா வரும், இது போகும். அவ்வளவுதானே."

அகளிக்காரர்

லாரி வருவதற்கு முந்தின நாள் ஒருவர் தனியாக வந்தார். தனியாக ஒருவர் வந்ததே எனக்கு அதிசயம். பெயர் பழனிச்சாமி, ஊர் மலைமேல் இருக்கிற அகளி, சொந்தமாக ஆம்புலன்ஸ் வைத்து அவரே ஓட்டுகிறார், கொஞ்சம் வாழைத்தோட்டமும் உண்டு. உறவில் ஒரு விசேஷத்துக்கு பஸ்ஸில் இந்தப் பக்கம் வந்தவர், கண்ணாடிக்கு உள்ளே வண்டியைப் பார்த்து நுழைந்திருக்கிறார். "இங்க ஓட்டி என்னங்க தெரியும்? எங்க மலையில ஓட்டிப் பாக்கோணும். பாத்துட்டு நான் அப்படியே ஊட்டுக்குப் போயிக்கறேன்" என்றார். மேனேஜர் என்னைத் தனியாக இழுத்து, ஓசியில் வீடு போய்ச் சேரப் பார்க்கிற ஆள் என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் நாளைக்குப் போகப் போகிற வண்டி, கடைசியாக ஒரு மலை ஏறட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

மண்ணார்க்காடு தாண்டி, ஆனமூளியில் ஏற்றம் தொடங்கியது. நிதானமாக ஏறினார். மேலே முக்காலி என்கிற ஊரில் வண்டியைத் திருப்பி, "ஒருக்கா எறங்கிட்டு வந்தர்லாங்க" என்றார். இறக்கத்திலும் அப்படியே. வளைவுக்கு வெகு முன்னாலேயே ஹாரன், பள்ளம் கண்டால் வண்டியைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டது போலத் தாண்டுவது, ஒரு குலுக்கல் இல்லை. இதற்குப் போய் டர்போ எதற்கு? எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பேசிப் பயனில்லை என்று முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். அடிவாரத்தில் நிறுத்தினார். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். "ஆள் படுத்திருக்கற மாதிரியேதானுங்க கை ஓட்டுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரசவ வலியோடும் பாம்புக்கடியோடும் எத்தனை பேரை அவர் இந்த வழியாக இறக்கியிருப்பார். ஓட்டியது அந்தக் கை.

பிறகு வண்டியைத் திருப்பினார். இந்தத் தடவை அவர் ஏறிய ஏற்றத்தை எனக்கு வர்ணிக்கத் தெரியாது. ரோடு காலியாக இருந்தது. என் வண்டி என்னவென்று அன்றைக்குத்தான் நானே பார்த்தேன், அத்தனை மாதம் பெருமை பேசியும் பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவர் முகத்தில் சிரிப்பு. முக்காலி டீக்கடை முன்னால் நிறுத்தி, சாவியை என் கையில் வைத்து, "எழுதிக்குங்க, எடுத்துக்கறேன்" என்றார். கை கொடுத்து ஓடியிருக்க வேண்டியதுதானே. நான் சும்மா இருக்காமல், "தினமும் வேகமாத்தான ஓட்டறீங்க, உங்களுக்கு இதுல என்னங்க புதுசு?" என்று கேட்டேன். அவர் டீயை வாங்கிக்கொண்டு, தான் ஏறி வந்த வழியைப் பார்த்தபடி சொன்னார்: "பல வருசமா இந்த ரோட்டுல வேகமாத்தான் போறனுங்க. பின்னால யாரும் அழாமப் போனது இன்னைக்குத்தானுங்க."

லாரி காலியாகத் திரும்பிப் போனது. மாதக்கணக்கில் வாய் ஓயாமல் பேசியும் விற்க முடியாத வண்டியை, ஒரு மலை ஏறி இறங்குகிற நேரம் வாயை மூடிக்கொண்டு விற்றேன் என்பதை, அன்று முதல் ஒவ்வொரு மீட்டிங்கிலும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.