விளக்கைச் சுற்றி நின்ற வானவில்

கண் திறந்திருக்கும்போதே நான் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். அது இருட்டு என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் என்று நினைத்தேன். மாரியம்மன் எனக்கென்று காட்டுகிற வெளிச்சம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மாவை நம்புகிற உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். எனக்குப் பெரிய படிப்பில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் சரோஜா. எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்தில், வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் ராசுவுக்கும் தோட்டத்தில்தான் வேலை. ஒரே மகள் கவிதா, கல்யாணமாகி மாத்தளை டவுனில் இருக்கிறாள். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. லயத்துக்குக் கீழே உள்ள மாரியம்மன் கோயிலில் செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றுவது என் பொறுப்பு.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பொழுது சாயும் நேரம். மூடுபனி கோயில் வாசற்படி வரை ஏறி வந்திருந்தது. கரண்டும் இல்லை. விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். சுடரைச் சுற்றி ஒரு வளையம் நின்றது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு, நடுவில் பெயர் தெரியாத நிறங்கள். சுடர் ஆடியது. வளையம் ஆடவில்லை. கண்ணை மூடித் திறந்தேன். அப்படியே இருந்தது.

பக்கத்தில் பாக்கியம் அக்கா பூக்கட்டிக்கொண்டிருந்தார். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில், அடுத்த அறை வீட்டில் இருப்பவர்.

“என்னாடி சரோஜா, மரமாட்டம் நிக்கிற?”

“விளக்கைச் சுத்தி ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலையாக்கா?”

“ரெண்டு ஈசல் தெரியுது. ஏன், ஒனக்கு என்னா தெரியுது?”

சொன்னேன். அவர் பூவைக் கீழே வைத்துவிட்டு என் காலைத் தொட்டார். என்னைவிட மூத்தவர். நான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிதோறும் பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். பல்பு எரிந்தால் வளையம் சரியாகத் தெரியவில்லை. “பல்பை அணைங்க பூசாரி, சரோஜாவுக்கு அம்மா காட்டட்டும்” என்பார்கள். வேலாயுதம் பூசாரி அணைத்துவிடுவார். கோயில் முழுவதும் இருட்டு. ஒரே ஒரு சுடர். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க வளையம் பெரிதாகும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

நான் குறி சொல்லவே இல்லை. நிறத்தை மட்டும்தான் சொன்னேன். பலனை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சிவப்பு தூக்கலாக இருந்தால் கல்யாணம், நீலம் தூக்கலாக இருந்தால் மழை. “நம்ம தோட்டத்துல மழை பெய்யிறதுக்குச் சாமி வேற வந்து சொல்லணுமா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டு, அக்காவிடம் நல்லா வாங்கிக்கட்டிக்கொண்டார்.

வளையம் தெரிந்த பிறகு இடது புருவத்துக்கு மேலே பாறாங்கல்லை வைத்தது போல் வலிக்கும். குமட்டும். தூங்கி எழுந்தால் போய்விடும். அக்காவிடம் கேட்டேன். “சாமியப் பாத்த கண்ணுடி. பாரம் இருக்கத்தானே செய்யும்” என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது.

கவிதா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். “அம்மா, ஒரு தடவை கண் கிளினிக்குக்கு வாங்க. நாப்பது தாண்டுனாலே சும்மாவாவது காட்டிக்கணுமாம்.”

“எனக்குத்தான் கொழுந்து நல்லாத் தெரியுதே. தெரியாதவங்கதானே காட்டணும்?”

“தெரியுறப்பவே காட்டணும்மா.”

மருந்து போட்டு வளையம் மறைந்துபோனால் அம்மா கோபித்துக்கொள்வாளோ என்ற பயமும் எனக்குள் இருந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை.

பிறகு கொழுந்து எடுக்கிற மலையில் ஒன்று நடக்க ஆரம்பித்தது. எனக்கு இடது பக்கத்து நிரையில், அடுத்த செடி வரிசையில், பாக்கியம் அக்கா பேசிக்கொண்டே கொழுந்து எடுப்பார். பேச்சு காதில் விழும். ஓரக்கண்ணால் பார்த்தால் அங்கே ஆள் இருக்காது. பனியும் தேயிலைச் செடியும்தான் இருக்கும். ஆளில்லாத இடத்திலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். முகத்தை நன்றாகத் திருப்பினால், அவர் அங்கேயேதான் நிற்பார். யாரோ அவரை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தது போல இருக்கும். எனக்குப் பக்கத்தில் ஏதோ கூடவே நடக்கிறது என்று நினைத்தேன். கையில் முடிக்கயிறு கட்டிக்கொண்டேன். ஆனாலும் அது நிற்கவில்லை.

திருவிழா வந்தது. பால்குடம் எடுக்க நேர்ந்திருந்ததால் எனக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடிகிற வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு வீடானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, போக முடியாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது.

காப்புக் கட்டிய மறுநாள் மாலை அம்மனுக்குப் பூச்சாத்திக்கொண்டிருந்தேன். சாம்பிராணிப் புகை வலது கண்ணில் பட்டு எரிந்தது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் அம்மன் முகத்தைப் பார்த்தேன்.

பாதி முகம் இல்லை.

கறுப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. கறுப்பாவது ஒரு நிறம். அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு கண், பாதி மூக்கு, ஒரு பக்கத்து மூக்குத்தி. அவ்வளவுதான் என் தாய். கையை எடுத்தேன். முழு முகம். மறுபடி பொத்தினேன். பாதி முகம். என் கையிலிருந்த மாலை நழுவிவிட்டது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நாளைக்கே மாத்தளைக்குப் போவோம்” என்றார். உடனே என் கையில் கட்டியிருந்த காப்பைப் பார்த்தார். பூசாரியிடம் போய்க் கேட்டார்.

“திருவிழா முடியட்டும்யா. நானா கட்டுனேன், நான் அவுக்குறதுக்கு? அவ பேருல கட்டுனது. அவதான் உத்தரவு குடுக்கணும்” என்றார் பூசாரி. அவர் மேல் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு இரவு கோயில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “தாயே, வளையம் நீ காட்டுறதுன்னா வலியையும் தாங்கிக்கிறேன். ஆனா ஒன் முகத்தையே பாதியாக்குறது நீயா இருக்க முடியாது. இது வேற என்னமோ. என் பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க. நீயே வாயத் தொறந்து சொல்லு.” இப்படித்தான் வேண்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் பூசை. பல்பை அணைத்தார்கள். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். சுடரைப் பார்த்தேன். வளையம் ஒருநாளும் இல்லாத அளவுக்குப் பெரிதாகி நின்றது. அதற்குள்ளே சுடர் பஞ்சாகக் கரைந்துபோனது. அப்புறம் இடது கண்ணுக்குள் யாரோ காய்ச்சின இரும்பை இறக்கியது போல் ஒரு வலி. கத்தினேன். தலையைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். வாந்தி எடுத்தேன்.

“சாமி வந்துருச்சு!” என்று குலவை போட்டார்கள். தப்புச் சத்தம் இன்னும் ஏறியது. வேப்பிலையால் அடித்தார்கள், மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். நான் வலியில் துடிக்கிறேன், சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைக் கும்பிடுகிறார்கள். “என்னா தாயே வேணும்? சொல்லு தாயே!” என்று பூசாரி கேட்டது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அங்கிருந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் நிமிர்ந்து நின்றேனாம். காப்புக் கையைப் பூசாரி முன்னால் நீட்டினேனாம். “இவ எல்லையை நான் தொறந்துட்டேன். கொண்டுபோய் இவ கண்ணைக் காட்டு” என்று சொன்னேனாம். அது என் குரல்தான் என்கிறார் வீட்டுக்காரர். இல்லவே இல்லை என்கிறார் பாக்கியம் அக்கா. தப்படித்தவரிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

பூசாரி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தோட்டத்து லொறியில் என்னை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். அம்மன் உத்தரவாச்சே! விபூதியும் மஞ்சளும் வழிய, வேப்பிலையோடு ஆஸ்பத்திரிக்குள் வந்த அவரைப் பார்த்துவிட்டு, நர்ஸ் அவரைத்தான் கட்டிலில் படுக்கச் சொன்னாராம்.

அன்றைக்குச் சொட்டு மருந்தும் மாத்திரையும் ஊசியும் கொடுத்து வலியைக் குறைத்தார்கள். பிறகு கண் டாக்டர் வந்தார். மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் அம்மா, நம் தமிழிலேயே பேசினார். கண் பரிசோதனை என்றால் கத்தி, கத்தரி என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றுமில்லை. ஒரு கண்ணை மறைத்துத் தூரத்து எழுத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம் இருக்கிறது. ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, மெல்லிய வெளிச்சத்தால் கண்ணின் முன்பக்கத்தைப் பார்த்தார்கள். மரத்துப்போகிற சொட்டு விட்டு, கண்ணுக்குள் இருக்கும் அமுக்கத்தை அளந்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பையும் பார்த்தார்கள்.

டாக்டர் சொன்னார்: “கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறி, வெளிய போய்க்கிட்டே இருக்கும். ஒங்களுக்கு அது போற வழி ஒடுக்கம். இருட்டுல இருந்தா கருமணி விரியும். அப்ப அந்த வழி அடைபட்டு அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏறினா வெளிச்சத்தைச் சுத்தி வளையம் தெரியும்.”

“இருட்டுலயா மிஸ்?”

“ஆமாம்மா. இருட்டுல உக்காந்து பாக்கப் பாக்கக் கூடும். ஒவ்வொரு தடவையும் நரம்பு கொஞ்சங்கொஞ்சமாச் செத்துப்போகும்.”

அத்தனை வெள்ளிக்கிழமையும் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

“அப்ப அது சாமி இல்லையா மிஸ்?” என்று பூசாரி மெதுவாகக் கேட்டார்.

“அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. இன்னும் ரெண்டொரு நாள் போயிருந்தா அந்தக் கண்ணு முழுசாப் போயிருக்கும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

லேசர் வெளிச்சத்தால் இரண்டு கண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு துளை போட்டார்கள், தண்ணீர் போக இன்னொரு வழி. உட்கார்ந்தபடியே முடிந்துவிட்டது. சில நாள் கழித்து இன்னொரு சோதனை. குடைவான ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். இடது கண்ணுக்கு வைத்தபோது காத்திருந்தேன், காத்திருந்தேன், புள்ளியே வரவில்லை. “மெஷின் நின்னுபோச்சா மிஸ்?” என்று கேட்டேன். “வந்துகிட்டேதாம்மா இருக்கு” என்றார் நர்ஸ். அந்தக் கோயில் இருட்டில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

இடது கண்ணில் போனது போனதுதான். திரும்ப வராது. மிச்சமிருப்பதையும் வலது கண்ணையும் என் தாய் காப்பாற்றித் தந்தாள். இது குடும்பத்தில் வரக்கூடியது என்று சொன்னதால் கவிதாவுக்கும் பார்த்தார்கள். அவளுக்கும் வழி ஒடுக்கம்தான். ஆனால் நரம்பு பழுதாகவில்லை. வருஷம் தவறாமல் காட்டினால் போதும், வேண்டியபோது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதைக் கேட்டுக் கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது தினமும் சொட்டு மருந்து விடுகிறேன். சொன்ன தேதிக்குக் கிளினிக் போகிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதையும் விடவில்லை. பூசாரி பல்பை அணைப்பதில்லை. இந்த வருஷம் லயத்துப் பெண்களைக் காப்புக் கட்டுவதற்கு முன்னாலேயே கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொல்லி அவரே அனுப்பினார்.

அம்மாவை நம்புகிறவர்களே, நம்பிக்கையை விடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. என்னைவிட அவளை நம்பியவள் யார்? பார்வை நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் நன்றாக இருக்கிற பார்வைக்குள்தான் ஒளிந்திருக்கும். நாற்பது தாண்டியவர்கள், சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது கண் போனவர்கள், டாக்டர் சொல்கிறபடி தவறாமல் காட்டுங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்தால், கண் வலியோடு வாந்தி வந்தால், அன்றைக்கே போங்கள். கேட்டால் அவள் வழி திறப்பாள். திறந்த வழியில் நடந்து போக வேண்டியது நாம்தான்.