மஞ்சள் பஸ்ஸின் கடைசி நாள்

கம்பத்திலிருந்து மஞ்சள் பஸ் புறப்படுகிறது. நாளை இந்தச் சின்னக் கம்பெனி மதுரையின் பெரிய பஸ் கம்பெனியோடு சேர்ந்துவிடும். பெயரும் நிறமும் மாறிவிடும். ஏலக்காய் வாங்க அடிக்கடி வரும் எனக்கே மனம் கனக்கிறது. பக்கத்தில் வாழைக்காய் வியாபாரி வெள்ளையம்மாள்.

"எனக்கு வலி கண்டது இந்த வண்டியிலதான். டிரைவரண்ணன் எங்கனயும் நிக்காம நேரா தேனி ஆஸ்பத்திரிக்கே விட்டாக. வழியில எறங்க வேண்டியவுக ஒருத்தரும் மொனங்கல. மக பொறந்திருக்குன்னு கேட்ட பெறகுதான் வீட்டுக்குப் போனாக," என்கிறார்.

"புது பஸ்ஸும் நல்லா இருக்கும் அக்கா," என்கிறேன்.

"இருக்கட்டும். அவுகளுக்கு என்னைய யாருன்னு தெரியாதுல்ல."

அவர் ஊரான வீரபாண்டி வருகிறது. டிரைவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார். வெள்ளையம்மாள் எழுந்திருக்கவில்லை.

"தேனிக்கு விடுங்கண்ணே. அங்கன எனக்கு ஒரு சோலியும் இல்ல. சும்மா வாறேன்."