பனிமனிதனின் இன்னொரு கண்

மாடி வீட்டுப் பிள்ளைகள் என் மனைவிக்கு வைத்த பெயர் ‘எண்ணு அத்தை’. எதையும் எண்ணாமல் விடமாட்டாள். கத்தரிக்கோல் இரண்டு, பசை ஒன்று, பிள்ளைகள் இரண்டு என்று நாளைக்குப் பத்துத் தடவை எண்ணுவாள். அவர்களுடைய அம்மா பஸ் ஓட்டுகிறவள். விடியற்காலையில் டூட்டிக்குப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். பதினோரு வருஷமாக யார் வீட்டுப் பிள்ளையாவது எங்கள் முன்னறையில் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. என் மனைவி அடுப்படியில் நின்றபடியே, “எனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு, ஜாக்கிரதை!” என்று மிரட்டுவாள். எனக்கே சில சமயம் அது நிஜமோ என்று தோன்றும்.

அன்று வெளியே தலைகாட்ட முடியாத குளிர். நாலரை வயதுப் பெரியவளையும் ஒன்றரை வயதுச் சின்னவனையும் வைத்துக்கொண்டு என் மனைவி காகிதத்தில் பனிமனிதன் செய்திருக்கிறாள். சின்ன வட்டம் தலை, பெரிய வட்டம் உடம்பு, கழுத்தைச் சுற்றப் பழைய துணி. மதியம் நான் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது இரண்டு பனிமனிதர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். மூன்றாவது ஆள் பெரியவள் கையில். எல்லாருக்கும் கண் பளபளவென்றிருந்தது.

“கண்ணுக்கு என்ன ஒட்டின?”

“உங்க டப்பால இருந்த வெள்ளிப் பட்டன்தான். ஏன்?”

நான் வாட்ச் ரிப்பேர் செய்கிறவன். அது பட்டன் இல்லை, கழற்றிப்போட்ட பழைய வாட்ச் செல். மூடி சரியில்லாத அந்த டப்பாவைக் கடையிலிருந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்த மகாபுத்திசாலி நான்தான். தீர்ந்த செல்கூடக் குழந்தையின் தொண்டையில் மாட்டினால் உள்ளே அரித்துவிடும்.

“எத்தனை எடுத்த?”

“ஆறு.” சொல்லும்போதே எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஐந்துதான் இருந்தது. பெரியவளின் பனிமனிதனுக்கு ஒரே ஒரு கண்.

சின்னவன் தரையில் உட்கார்ந்திருந்தான். எச்சில் வழிந்துகொண்டிருந்தது. இருமினான்.

“இன்னொரு கண்ணு எங்கடி?” என்று கத்தினேன்.

“இருக்கு” என்றாள் பெரியவள்.

“எங்க? சொல்லித் தொலை!”

நான் கத்தி அவள் கேட்டதே இல்லை. உதடு பிதுங்கியது. பனிமனிதனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

டாக்சியில் என் மனைவி சின்னவனை மடியில் நிமிர்த்திப் பிடித்து, மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே வந்தாள். பெரியவள் பனிமனிதனை விடாமல் என் பக்கத்தில் ஒண்டியிருந்தாள். “முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு…” அவள் எண்ணிக்கையை நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் பயந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பையனை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனார்கள். போன் போட்டதும் யூனிபார்மோடு ஓடிவந்த பிள்ளைகளின் அம்மாவிடம் எனக்கு வாய் குழறியது. “என் டப்பாம்மா… என் தப்பு…” அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். “உள்ள ஒண்ணுமில்ல. இருமல் சளியாலதான். பயப்படாதீங்க.”

அம்மா அப்படியே பெஞ்சில் சரிந்தாள். என் மனைவி மட்டும் உட்காரவில்லை.

“அப்ப ஆறாவது எங்க? வீட்டுலதானே எங்கயோ கிடக்கு? நாளைக்கு எடுத்து வாயில போட்டுக்கிட்டா?” பிறகு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாளையிலேர்ந்து வேற இடம் பாத்துக்கோ தாயி. எனக்கு என்னை நெனச்சாலே பயமா இருக்கு.”

அதற்குள் பெரியவள் என் மனைவியின் ஸ்வெட்டர் நுனியை இழுத்தாள். நான் கத்தமாட்டேன் என்று ஒரு முறை என் முகத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, பனிமனிதனைத் திருப்பிக் காட்டினாள். பின்னந்தலையில், நடுவாக, பசை வழிய ஒட்டியிருந்தது அந்தச் செல்.

“ஆறு” என்றாள் என் மனைவி.

“அங்க ஏன்டி ஒட்டின?” என்று அம்மா கேட்டாள்.

“இது பனிமனிதன் இல்லம்மா, அத்தை. அத்தை அந்தப் பக்கம் திரும்பிச் சமைக்கிறப்ப தம்பி எதையாவது வாயில போட்டுட்டா? அதைப் பாக்கத்தான் அந்தக் கண்ணு.”