கண்ணாடிக்கு முதுகு காட்டி

என் கணவரை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டு ஹாலில், பெண் பார்க்க வந்த அன்று. தட்டில் வைத்த பஜ்ஜியை அவர் தொடவில்லை. கேசரியையும் தொடவில்லை. காபிக்குச் சீனி வேண்டாம் என்றார். இந்தக் காலத்தில் இம்புட்டு அடக்கமான பையன் எங்கே கிடைப்பான் என்று அம்மா பூரித்துப்போனாள். அடக்கமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அடுத்த மூன்றாவது வாரம் அவருக்கு ஆணழகன் போட்டி இருந்தது, அதற்காக வாயைக் கட்டியிருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் இது எனக்குத் தெரிய வந்தது.

ஆணழகன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மீசை முளைத்த, பிள்ளைகுட்டி பெற்ற ஆண்கள் மேலெல்லாம் சிரைத்துக்கொண்டு, பழுப்புச் சாயம் பூசி, அதற்கு மேல் எண்ணெயும் தடவி, ஜட்டியோடு மேடையேறி மூச்சைப் பிடித்துக்கொண்டு இளிப்பார்கள். கீழே நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்து எவன் தொடையில் கோடு அதிகம் என்று பார்த்து மார்க் போடுவார்கள். மேடையில் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட யாரும் தூக்க வேண்டியதில்லை. தூக்கவும் முடியாது. அதற்கு முந்தின நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடப்பவர்கள் அவர்கள். தோல் வற்றினால்தான் சதை வரி வரியாகத் தெரியுமாம்.

நான் திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். வலுதூக்கும் போட்டிக்குப் போகிறவள். பளுதூக்குதல் என்று எல்லோரும் சொல்வது, கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவது. எங்களுடையது வேறு. கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும், அது ஸ்குவாட். மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ள வேண்டும். கடைசியாகத் தரையில் கிடப்பதை இடுப்பு நிமிரும்வரை இழுக்க வேண்டும். இவ்வளவுதான். நீ கறுப்பா சிவப்பா, தொப்பை இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனை கிலோ, அதுதான் கேள்வி. என் கணவரைப் போன்றவர்கள் இருபது கிலோவைப் பதினைந்து தடவை மெதுவாக ஏற்றி இறக்குவது கை வீங்குவதற்காக. எனக்கு ஒரே ஒரு தடவை போதும், ஆனால் நூற்றிருபது கிலோ எழ வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இரும்பு பொய் சொல்லாது என்று என் மாணவிகளிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வேன்.

அவருடைய பிழைப்பு பூ வேன். விடியுமுன் நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகை ஏற்றி, ஊர் ஊராக இறக்கிவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவார். பதினெட்டு இஞ்ச் புஜத்தை வளர்த்து வைத்துக்கொண்டு இந்த மனுஷன் தூக்குவது பூவை. இதைச் சொல்லி நான் சிரிக்காத நாளில்லை.

வீட்டில் அவிக்கும் முட்டையில் வெள்ளை அவருக்கு, மஞ்சள் எனக்கு. போட்டி நெருங்கினால் குழம்பில் உப்பு போடக் கூடாது என்பார். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். "ஏத்தா, உப்பில்லாம வெஞ்சனம் வைக்கச் சொல்றான். இது வீடா, ஆஸ்பத்திரியா? நீ ஒரு வார்த்தை கேட்க மாட்டியா?" என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமியாரும் நானும் ஒரே கட்சி. பழுப்புச் சாயம் தலையணை உறையில் ஒட்டினால் துவைப்பது நான்தான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

நாங்கள் இருவரும் போனது ஒரே ஜிம்முக்கு. தகரக் கூரை, மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. அங்கே வருகிற பையன்கள் ஒரு செட் அடித்துவிட்டு ஐந்து நிமிஷம் கண்ணாடியில் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சட்டையைத் தூக்குவார்கள், திரும்புவார்கள், போனில் படம் எடுப்பார்கள். என் வீட்டுக்காரர்தான் அவர்களுக்கெல்லாம் தலைவர். பெண்பிள்ளைகள்கூட இப்படிக் கண்ணாடி பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு அருவருப்பாக இருக்கும். ஆகவே ஸ்குவாட் ஸ்டாண்டை மூலைக்கு இழுத்துப்போட்டு, கண்ணாடிக்கு முதுகு காட்டி, வெறும் சுவரைப் பார்த்து நிற்பேன். "அக்கா, வீடியோ எடுத்துத் தரவா?" என்று பையன்கள் கேட்டால், அது உங்க வியாதி, எனக்கு வேண்டாம் என்பேன். பவுடர் போட்டுக்கொள்ளவா இங்கே வருகிறேன்? எனக்குத் தெரிய வேண்டியது எடை, அது தட்டில் எழுதியிருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் நான் தரையிலிருந்து நூற்று நாற்பது கிலோ இழுத்தேன். பையன்கள் கைதட்டினார்கள். அவர் டம்பெல் அடுக்குப் பக்கத்தில் நின்று புஜத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததோ, "ஏங்க, இங்க வாங்க. இத ஒரு தடவ தூக்கிக் காட்டுங்க" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். மறுத்திருக்கலாம், வந்தார். குனிந்தார், இழுத்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, பார்க்க அத்தனை லட்சணமாகத்தான் இருந்தது. கம்பி முழங்காலைக்கூடத் தொடவில்லை. போட்டுவிட்டார். "வெறும் காத்துதானாக்கும்" என்றேன். ஜிம்மே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

மாவட்டப் போட்டியில் முதலிடம் வந்தேன். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடத்தினார்கள். நடுவர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள், ஒருவர் பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் அன்று எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. அடுத்தது மாநிலப் போட்டி.

அந்த மாநிலப் போட்டியில்தான் என் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளியில் எனக்கு ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூனிலும் தலைமை சிஸ்டர் கூப்பிட்டு, இந்த வருஷமும் இருங்கள் என்று சொன்னால்தான் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். மாநிலத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சான்றிதழ் அதற்கு வேண்டும். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமைதான். மூன்றாம் இடம் போதும், ஆனால் நான் முதலிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நூற்று முப்பதில் உட்கார்ந்து எழுகிறவள் என் எடைப்பிரிவில் வேறு யார் இருக்கிறாள்?

போட்டி நடந்தது வடமதுரைக்குப் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில். அதே நாள் சாயங்காலம் அவருக்கு நத்தத்தில் ஆணழகன் மேடை. நீங்கள் வர வேண்டாம், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். உண்மையான காரணம், காலையிலேயே சாயம் பூசிவிடுவார், அந்தக் கோலத்தில் என் பக்கத்தில் நின்றால் எனக்கு மானம் போகும். ஆனாலும் வந்தார். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துவரை பட்டன் மாட்டி, கை இரண்டும் வறுத்த வேர்க்கடலை நிறத்தில். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, உதடு வெடித்திருந்தது. மணமேடையில்தான் எங்கள் கம்பி. அதன் பக்கவாட்டில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்கள் போட்டியில் ஒவ்வொரு தூக்குக்கும் மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்புக்கு, தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் தூக்கக்கூடிய எடையைத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் சொன்ன எடையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. ஸ்குவாட்டில் மூன்றும் போனால் போட்டியே அவ்வளவுதான், மற்ற இரண்டும் செல்லாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் எழுதிக்கொடுத்தது நூற்றிருபத்தைந்து. மற்றவர்கள் நூறிலும் நூற்றைந்திலும் தொடங்கும்போது, என் பெயருக்கு நேரே அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டும் என்று ஆசை. பேராசை என்றுகூடச் சொல்ல மாட்டேன். கொழுப்பு.

முதல் தடவை உட்கார்ந்தேன், எழுந்தேன். இலகுவாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் மூன்று நடுவர்களின் விளக்கும் சிவப்பு, செல்லாது. ஆழம் போதவில்லை என்றார் நடுவர். இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும், இறங்கவில்லை. எனக்கு ஆத்திரம். வெளியூர் நடுவர்கள், யாருக்கோ வேண்டப்பட்டவர்கள் என்று நினைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் இறங்கியதாகத்தான் எண்ணம். மறுபடி மூன்றும் சிவப்பு.

நாற்காலியில் வந்து விழுந்தேன். பக்கத்தில் அவர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாயத்தின் வாடை அடித்தது. "ஏ புள்ள, நடுவர் மேல தப்பில்ல. ரெண்டு விரக்கடை மேலயே நின்னுட்ற. நான் சைடுல இருந்து பாக்குறேன், நான் எந்திரின்னு சொல்ற வரைக்கும் எறங்கு" என்றார். ஜிம்மில் என்றால் கடித்துக் குதறியிருப்பேன். அன்று எனக்கு வேறு வழியில்லை. தலையை ஆட்டினேன்.

மூன்றாவது தடவை கம்பியைத் தோளில் வாங்கினேன். இறங்கினேன். நான் எப்போதும் திரும்பும் இடம் வந்தது, உடம்பு தானாக எழப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேலும் இறங்கினேன். அங்கே எடை வேறு மாதிரி இருந்தது. அந்த ஆழத்துக்கு நான் ஒரு நாளும் போனதில்லை என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. "எந்திரி!" என்று கத்தினார். வறண்ட தொண்டை, பாதியில் உடைந்தது. எழ முயன்றேன். ஒரு சாண்கூட நகரவில்லை. இரண்டு பக்கமும் நின்ற பையன்கள் கம்பியைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். மைக்கில் என் பெயரைச் சொல்லி, போட்டியிலிருந்து வெளியேறுகிறார் என்று அறிவித்தார்கள். கடைசியில் மூன்றாம் இடம் வந்த பெண் ஸ்குவாட்டில் தூக்கியது நூற்றைந்து.

அவர் சாயம் பூசுகிறார் என்று நான் சிரித்தேன். அந்தச் சாயம் அடுத்த குளியலில் போய்விடும், அது சாயம் என்று பூசுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். நான் ஒரு வருடமாக நூற்று முப்பது நூற்று முப்பது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதில் கால்வாசிகூட எனக்குச் சொந்தமில்லை. குறை உட்காரல் உட்கார்ந்து அதற்குப் பெயர் பலம் என்று வைத்திருந்தேன். அவ்வளவு கண்ணாடி இருந்த ஜிம்மில் ஒரே ஒரு நாள் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மண்டபத்துக்கு வெளியே அவருடைய வேன் நின்றது. மண்டபப் படியில் உட்கார்ந்து அழுதேன். கைக்கு வராமல் போன அரசு வேலைக்காக அழுதேன், மூக்கு ஒழுக, ரோட்டோரத்தில். அவர் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் தண்ணீர் குடிக்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

குடித்து முடித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. மண்டபத்தில் இரண்டு தடவை பார்த்த உடனே இரண்டு விரக்கடை என்று ஒருவரால் கணக்காகச் சொல்ல முடியுமா?

"உங்களுக்கு எப்பருந்து தெரியும்?" என்றேன்.

காலிப் பாட்டிலை வாங்கி மூடினார். "மூணு மாசமா. டம்பெல் எடுக்குற எடத்துல இருந்து பாத்தா நல்லாத் தெரியும்."

"மூணு மாசமாத் தெரிஞ்சும் வாயத் தொறக்கலயா? எனக்கு இந்த வேலை எம்புட்டு முக்கியம்னு தெரியும்ல உங்களுக்கு?" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. மணி என்ன என்று யாராவது கேட்டால் சொல்வதைப்போலச் சொன்னார். "நான் சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? உனக்கே தெரியும்ல."

பிறகு வேனில் ஏறிக் கதவைச் சாத்தி நத்தத்துக்குக் கிளம்பிப் போனார். நான் சொல்லியிருக்கக்கூடியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுகூட, சரிங்க, காட்டுங்க பார்ப்போம் என்பதாக இல்லை.