பன்னிரண்டாம் விமானத்தின் இடது இறக்கை

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது. காலையில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர் நண்பகலில் இல்லை. ஆயுள் முழுவதும் கணக்குப் பாடம் நடத்திய எனக்கு இந்தக் கணக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அக்கா பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். உடன்பிறந்தவர்கள் ஐவரில் அவர் மூத்தவர், நான் கடைசி. அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு, கிள்ளானில் கண்ணாடி இழைப் படகு செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார். ஒருமுறை அங்கே யாரோ உடைந்த கிளைடர் இறக்கையைச் செப்பனிடக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் அந்த விமானம் அக்காவின் மனதைப் பிடித்துக்கொண்டது. அத்தானுடன் சேர்ந்து கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்தார்.

"படகு செய்ற நமக்கு ஆகாயத்துல என்னக்கா வேலை?" என்று பெரிய அண்ணன் கேலி செய்தார்.

"தண்ணியில மெதக்க வச்சாச்சு. காத்துல மெதக்க வைக்க முடியாதா?" என்றார் அக்கா.

முதலில் ஏழு கிளைடர்கள். பிறகு, சிறிய எஞ்சினால் தானே மேலேறி, எஞ்சினை நிறுத்திவிட்டு மிதக்கும் மோட்டார் கிளைடர்கள் நான்கு. அத்தான் மறைந்த பிறகும் பட்டறையை மூடவில்லை.

பறக்கும்போது காற்று தூக்குவதைத் தாங்குமா என்று பார்க்க, ஒவ்வோர் இறக்கையையும் தலைகீழாகக் கட்டி, மேலே பாரம் ஏற்றிச் சோதிப்பார்கள். மணல் மூட்டையே போதும். அக்கா அரிசி மூட்டைதான் வைப்பார். "மணல வச்சு அப்புறம் என்ன செய்றது? அரிசின்னா நாலு பேரு சாப்பிடுவாங்க லா." மூட்டைகளை எண்ணுவது என் வேலை.

அன்று காலை, பன்னிரண்டாவது விமானத்தின் இடது இறக்கைக்கு அச்சில் இழைத் துணி விரித்து ரெசின் பசை பூசத் தொடங்கியிருந்தார்கள். ரெசினைக் கலந்துவிட்டால் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். நடுவில் விட்டால் இறக்கை வீண். துணித் துண்டுகளை நான் இரண்டாம் முறை எண்ணியதற்குத் திட்டிக்கொண்டிருந்த அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் அக்கா மகள் மாலதியும் அவரைக் காரில் ஏற்றினோம். ஓடிவந்த மேற்பார்வையாளர் குணாவிடம், "கைய எடுக்காதீங்கடா. வந்துடறேன்" என்றார்.

வரவில்லை.

அன்று மாலையே எடுப்பதாக முடிவாயிற்று. கிள்ளான் வீட்டு வாசல் நிறைந்திருந்தது. பட்டறை ஆட்கள் நால்வரில் ஒருவர்கூட இல்லை. "அக்கா சோறு போட்டு வளத்த பயலுங்க, ஒருத்தனக் காணோம்" என்று அண்ணன் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

பெட்டியைத் தூக்கும் நேரத்தில் நால்வரும் வந்து இறங்கினார்கள். கைகளில் ரெசின் காய்ந்து வெடித்திருந்தது.

"பாஸ் கைய எடுக்காதன்னாங்க அங்கிள். எடுக்கல. இப்பதான் முடிச்சோம்" என்று குணா அழுதார். அண்ணன் விலகி, பெட்டியைத் தூக்க அவருக்கு இடம் விட்டார்.

அந்த இறக்கைக்குச் சோதனை சென்ற வாரம்தான் நடந்தது. "இது ஒடஞ்சா பட்டறைய மூடிடறேன் மாமா. அம்மா இல்லாம இன்னொன்னு செய்ய எனக்குத் தைரியம் இல்ல" என்றாள் மாலதி. செலாயாங் சந்தையிலிருந்து பத்துக் கிலோ மூட்டைகள் நூற்றிருபது வந்தன. எழுபதாவது மூட்டையில் படீரென்று ஒரு சத்தம். குணா குனிந்து பார்த்தார்.

"தாங்கு கட்டை அங்கிள். இறக்கைக்கு ஒண்ணும் இல்ல."

கட்டையை மாற்றினார்கள். எனக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது. "எழுபத்தொண்ணுடா, எண்ணு" என்று மூட்டையைத் தூக்கிக் கொடுத்தவர் அண்ணன். கடைசி மூட்டை வரை இறக்கை வளைந்து கொடுத்தது. இறக்கியதும் பழையபடி நிமிர்ந்தது. மாலதி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அக்கா போன அன்று எங்களுடன் நின்ற மருத்துவர்கள், அண்டை வீட்டார், உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. இன்று, அக்காவின் நினைவு நாள் சாப்பாட்டில், உங்கள் இலையில் விழுவது அந்த இறக்கை தாங்கிய அரிசி. பரிமாறுபவர்கள் அந்த நால்வர். அவர்கள் போதும் என்று கை எடுக்கும்வரை சாப்பிடுங்கள்.