காப்பி எடுக்காத கேசட்

எண்பதுகளின் நடுவில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் கேசட் கடை வைத்திருந்தேன். யார் எந்தப் படத்துப் பாட்டைக் கேட்டாலும் வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பதுதான் தொழில். பாட்டுக்குச் சொந்தக்காரர்களிடம் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் என் நண்பன். கடையில் ஆம்ப்ளிஃபயர் பழுதானபோது பார்க்க வந்து பழக்கமானவன். எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் வந்த வரைபடத்தைக் காட்டி, நாமே கம்ப்யூட்டர் செய்யலாம் என்று என்னைக் கிளப்பிவிட்டதும் அவன்தான். மெட்ராஸ் போய் உதிரிகள் வாங்கி வந்து ஆளுக்கொன்று செய்தோம். பத்திரிகைக்காரர்கள் வரைபடத்தில் ஓர் இணைப்பை மாற்றிப் போட்டிருந்தார்கள். அது தெரியாமல் நான் ஒரு சிப்பைப் பொசுக்கினேன். திருச்சியில் இதே பைத்தியம் பிடித்த சிலர் அந்தத் தப்பைக் கண்டுபிடித்து எங்களுக்குத் தபால் கார்டில் எழுதினார்கள். எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைக் கண்டுபிடித்தாலும், எந்தப் புரோகிராம் எழுதினாலும், மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்.

வீட்டு டிவிதான் அந்த மெஷினுக்குத் திரை. கரண்ட் போனால் அடித்ததெல்லாம் போய்விடும் என்பதால் புரோகிராமைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும். அதைப் போட்டுக் கேட்டால் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருக்கும். என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

திரையில் இங்கிலீஷ் எழுத்துதான் வரும். நண்பனுக்கு அது பொறுக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்தாக வரைந்து, எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்பதை எண்களாக்கி மெஷினுக்குள் ஏற்றினான். மகா சிக்கனக்காரன். பென்சிலால் வரைவான், எண்களை அடித்து முடித்ததும் ரப்பரால் அழித்துவிட்டு அதே தாளில் அடுத்த எழுத்து. ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து, ஒரு வருஷத்துக்கு மேல் இதே வேலை.

ஒருநாள் குடும்பத்தோடு செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் கேசட்டோடு என் கடைக்கு வந்தான். அவனுடைய ரெக்கார்டரில் அது ஒரு சமயம் ஏறுகிறது, ஒரு சமயம் ஏறவில்லை என்றான். கடைக்குப் பின்னாலிருந்த என் மெஷினில் ஏற்றினோம். திரையில் 'பெரம்பலூர்' என்று வந்தது. அந்தப் பெட்டிக்குள் நம் எழுத்தைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஒரு காப்பி எடுத்துக்கறேன் மாப்ள" என்றேன்.

"இப்ப வேணாம்டா. ஐயன்னாவும் ஞானாவும் இன்னும் கோணலா நிக்குது. திருச்சிக்காரனுங்க பாத்தா சிரிப்பானுங்க. முழுசா முடிச்சிட்டு எல்லாருக்கும் நானே குடுக்கறேன்."

சத்தம் எந்த அளவில் இருந்தால் சரியாக ஏறுகிறது என்று பார்த்து வைக்கச் சொல்லிக் கேசட்டை என்னிடமே விட்டுப் போனான். படியிறங்கும்போது, "காப்பி மட்டும் எடுத்துடாத" என்று மறுபடியும் சொன்னான்.

பகல் முழுக்க அது என் மேஜை மேல் கிடந்தது. பக்கத்திலேயே இரட்டை டெக். ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் போதும். அன்றைக்கென்று பார்த்து எனக்கு நாணயம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டுக்காரர் ஒருவருக்குப் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தேனே தவிர, அதைத் தொடவில்லை. சாயங்காலம் அவன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

சில மாதங்கள் கழித்து, அவனுடைய அண்ணி துபாயில் இருந்த கணவருக்குப் பேசி அனுப்பக் கேசட் தேடியிருக்கிறார். அப்போது துபாய்க்காரர் வீடுகளில் கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம். மேலே யாரும் பதிந்துவிடாதபடி நண்பன் கேசட்டின் முதுகிலிருந்த பல்லை உடைத்துத்தான் வைத்திருந்தான். ஆனால் அந்த ஓட்டையில் காகிதத்தை அடைத்தால் மறுபடி பதியலாம் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். போட்டுப் பார்த்து, கெட்டுப்போன கேசட் என்று நினைத்து, வீட்டு விஷயமெல்லாம் அதில் பேசி, ஊருக்கு வந்துபோன ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அண்ணன் கேட்டுவிட்டு அதன்மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்பினார். அட்டையில் தன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் நண்பனுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. போட்டால் அண்ணன், மாடு கன்று போட்டதா என்று விசாரிக்கிறார்.

அவன் அந்த வேலையை மறுபடி தொடங்கவே இல்லை. திருச்சிக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். நான் அன்று சொல்லைக் காப்பாற்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அண்ணன் கேசட் வந்த மறுநாள் அவன் அரியலூரிலிருந்து நேராக என் கடைக்கு வந்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். அண்ணியைத் திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை. முகத்தில் பெரிய கவலையும் இல்லை. எனக்கு அது விளங்கவில்லை.

"சரி, ஒன்னோட காப்பிய எடு" என்றான்.

"என்ன காப்பி?"

"மலைக்குப் போன அன்னிக்கு எடுத்திருப்பல்ல? எனக்குத் தெரியாதா ஒன்ன."

"நீதான வேணாம்னு சொன்ன. எடுக்கலடா."

நான் வழக்கம்போல வம்புக்கு இழுக்கிறேன் என்று நினைத்தான். சுவர் முழுக்க அடுக்கியிருந்த கேசட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வெளையாடாத மாப்ள, சீக்கிரம் குடு. நாலு மணி பஸ்ஸப் புடிக்கணும்" என்று கையை நீட்டினான்.