விழுங்கக் கூடாத மாத்திரை

தொண்ணூறுகளின் கடைசியில், டி.பார்ம் முடித்த கையோடு மதுரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். கடையில் நான் ஒருத்திதான் பெண்.

ஒரு மத்தியானம் பேரையூர்க்காரர் ஒருவர் மனைவியின் மருந்துச் சீட்டை நீட்டினார். வெள்ளைப்படுதலுக்கும் அரிப்புக்கும், பெண்ணுறுப்புக்குள் வைக்க வேண்டிய ஆறு மாத்திரைகள். அது எப்படிக் கரையும், ஏன் அந்த வடிவம் என்றெல்லாம் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் கல்லாவில் முதலாளி, எதிரே நாலைந்து ஆண்கள். வாய் வரவில்லை. "ராத்திரிக்கு ஒண்ணு. டாக்டரம்மா சொன்ன மாதிரி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அவர் படி இறங்கியதும் மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வெளியே ஓடிப் பார்த்தேன். கூட்டத்தில் ஆளைக் காணவில்லை.

"சீட்டுல உள்ளதைக் குடுத்தாச்சுல்ல? விடும்மா" என்றார் முதலாளி.

விட முடியவில்லை. வீட்டுக்குக் கோச்சடை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே நினைப்பு. கடை வாசலில் யார் நிழல் விழுந்தாலும் அவரோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் மனைவியோடு வந்தார். "எம்மா, இம்புட்டுப் பெரிய மாத்திரை தொண்டையில அடைக்குது. உடைச்சுக் குடுக்கலாமா?"

"எத்தனை முழுங்குனாங்க?"

"ரெண்டு. ரெண்டு தடவையும் வாந்தி."

சீட்டைக் கேட்டு வாங்கினேன். சீட்டில் இருந்த நம்பருக்கு போன் போட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, மிச்சத்தைச் சரியாக வைக்கச் சொல் என்றார் டாக்டரம்மா.

அந்த அக்காவை உள்ளே, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே கூட்டிப்போய் எல்லாம் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு, முழங்காலை மடக்கிப் படுத்து, விரல் போகிற மட்டும் உள்ளே தள்ள வேண்டும். உடனே எழுந்து நடக்கக் கூடாது.

"வீட்டுல இருக்குறது ஒத்த ரூம். மாமனார், மாமியா எல்லாம் அங்கதான் படுப்பாக. நான் எங்கிட்டுப் போயி வைக்க?" என்றார்.

எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. யோசித்து, "போர்வைக்குள்ளயே வச்சுக்கலாம்க்கா" என்றேன்.

"அன்னைக்கே அவருகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"கூச்சமா இருந்துச்சுக்கா."

"நானும் டாக்டரம்மாகிட்ட ஒண்ணும் கேக்கலை" என்றார்.

சில வாரம் கழித்து அவர் கணவர் இருமல் மருந்து வாங்க வந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "நாலையும் வச்சாங்களாண்ணே?" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடி, "வச்சா, வச்சா. அரிப்பு நின்னுருச்சு" என்றார்.

அதற்குப் பிறகும் அந்த மாத்திரையை ஆண்களிடம் கொடுக்கும்போது என் குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லாமல் கொடுத்ததில்லை.